ஜாகுவார் வி12-இன் தீப்பொறிப் பெட்டி

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலேறி, காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை அழுத்தி முடிக்கும் தறுவாயில் பிளக்கின் முனையில் தீப்பொறி பாய வேண்டும். பேட்டரி தருவது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தேவைப்படுவதோ பல ஆயிரம் வோல்ட். இந்த உயர் அழுத்தத்தை உரிய நொடியில் உண்டாக்கும் ஏற்பாட்டைத்தான் பற்றவைப்பு அமைப்பு, பணிமனை வழக்கில் இக்னிஷன் என்கிறார்கள். பழைய கார்களைப் பேணுவோர் நடுவழியில் நிற்க நேர்ந்தால், பெரும்பாலும் இந்த அமைப்பின் ஏதாவது ஓர் உறுப்பே காரணமாக இருக்கும்.

முதல் தலைமுறைக் கார்கள் பலவற்றுக்குத் தீப்பொறி தந்தது மேக்னெட்டோ. ஜெர்மனியின் ராபர்ட் போஷ் 1897-இல் அதை மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி அமைத்தார். அவரிடம் பணியாற்றிய காட்லோப் ஹோனால்ட் 1902-இல் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். பேட்டரி இல்லாமலே அது இயங்கியது. ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, அதாவது கைப்பிடியைச் சுற்றி வண்டியைக் கிளப்பும் வேளையில், அதன் பொறி வலுவிழந்திருந்தது.

இந்தக் குறையைத் தீர்த்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். டேட்டன் நகரில் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் டெல்கோ என்று பெயர் பெற்றது. அவருடைய அமைப்பு 1910-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் இடம்பெற்றது. பேட்டரியின் மின்னோட்டம் இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை எழுப்பும். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழலும் கேம், பாயின்ட் எனப்படும் தொடுமுனைகளைத் திறந்ததும் ஓட்டம் அறுபடும், புலம் சரியும். அந்தச் சரிவு, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் உயர் அழுத்தத்தைத் தூண்டும். ரோட்டர் அதை உரிய சிலிண்டரின் பிளக்குக்கு அனுப்பும். பாயின்ட் திறக்கும்போது அதன் முனைகளில் பொறி கிளம்பி அவை கருகிவிடாமல் காப்பது கன்டென்சர். இந்த ஏற்பாடு ஏறத்தாழ 60 ஆண்டுகள் அடிப்படை மாறாமல் உலகெங்கும் ஓடியது.

பாயின்ட் தேயும் பொருள். கேமில் உரசும் அதன் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங் பின்வாங்கும். முனைகளில் ஒருபுறம் குழியும் மறுபுறம் மேடும் உண்டாகும். ஆகவே சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றித் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லைக்குள் பெரிய நன்மையும் இருந்தது. பாயின்ட் திடீரென்று சாவதில்லை. காலையில் கிளம்பத் தாமதம், ஏற்றத்தில் திணறல், இடையிடையே விக்கல் என்று பல நாள் முன்னதாகவே அது எச்சரிக்கும். நின்றே போனாலும் சாலையோரத்தில், சின்ன அரமோ உப்புத்தாளோ ஒரு ஸ்க்ரூ டிரைவரோ இருந்தால், அரைமணி நேரத்தில் வண்டியைக் கிளப்பிவிடலாம். சென்னைப் பாடியில் 1961-இல் பிரிட்டனின் லூகாஸும் டிவிஎஸ் குழுமமும் கூட்டாகத் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் ஆலை இந்தியச் சாலைகளின் வண்டிகளுக்கு மின் உறுப்புகளைத் தந்தது. அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகளின் கைத்திறனில் பெரும்பகுதி இந்தப் பாயின்டைச் சுற்றியே வளர்ந்தது.

இந்த எளிய அமைப்பின் எல்லையைக் காட்டியது வேகம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 முறை சுழன்றால் 8,000 பொறிகள் போதும். காரணம், நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டர் எரியும். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் 6,000 முறை சுழன்றால் நிமிடத்துக்கு 36,000 பொறிகள், நொடிக்கு 600. ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையே நொடியின் அறுநூற்றில் ஒரு பங்கு மட்டுமே கிடைக்கும். அதிலும் பாயின்ட் மூடியிருக்கும் நேரம் ஒரு பகுதிதான். சாதாரணக் காயிலில் மின்னோட்டம் முழு அளவுக்கு எழவே சில மில்லிநொடிகள் ஆகும். காயில் நிரம்புமுன்பே பாயின்ட் திறந்தால் பொறி மெலியும். போதாக்குறைக்கு, அந்த வேகத்தில் பாயின்டின் வில் கேமைப் பின்தொடர முடியாமல் துள்ளத் தொடங்கும். ஃபெராரியின் பன்னிரண்டு சிலிண்டர் கார்கள் இரண்டு டிஸ்ட்ரிப்யூட்டர்களையும் இரண்டு காயில்களையும் வைத்து வேலையைப் பங்கிட்டுக்கொண்டது இதனால்தான்.

பெல் ஆய்வகத்தில் 1947-இல் பிறந்த டிரான்சிஸ்டர் வேறு வழியைத் திறந்தது. உரசும் முனை இல்லாமலே பெரிய மின்னோட்டத்தை அறுக்கவும் சேர்க்கவும் அதனால் முடியும். முதலில் துணிந்தது பந்தயக் களம். கிரகாம் ஹில் உலகச் சாம்பியனான 1962-இல் பிஆர்எம் அணியின் எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்றைத் தாண்டியது. அதற்குத் தேவையான 40,000 பொறிகளைத் தந்தது லூகாஸின் டிரான்சிஸ்டர் பற்றவைப்பு. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பான்டியாக் கார்களுக்குப் பாயின்டே இல்லாத டெல்கோவின் டிரான்சிஸ்டர் பற்றவைப்பு விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. பாயின்டை விட்டுவைத்து, அதன் வழியே சிறு மின்னோட்டத்தை மட்டும் ஓடவிட்டு, கனமான வேலையை டிரான்சிஸ்டரிடம் ஒப்படைக்கும் இடைநிலை ஏற்பாடுகளும் அக்காலத்தில் விற்பனைக்கு வந்தன. ஆயினும் விலை கூடுதல், நம்பிக்கை குறைவு. பொதுமக்களின் கார்களில் அவை வேரூன்றவில்லை.

வேரூன்றச் செய்தது சட்டம். அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டை இறுக்கியது. ஒரு பொறி தவறினாலும் எரியாத பெட்ரோல் அப்படியே புகைபோக்கி வழியே வெளியேறும். தேய்ந்துகொண்டே போகும் பாயின்டை நம்பி, பல்லாயிரம் மைல் தூரத்துக்குக் காரின் புகை அளவாகவே இருக்கும் என்று எந்த உற்பத்தியாளரும் உறுதி தர முடியாது. கிரைஸ்லர் 1973-இல் தன் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் மின்னணுப் பற்றவைப்பைப் பொருத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975-இல் எச்இஐ என்ற அமைப்பைப் பொதுவாக்கியது. அதன் உயிர், டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் அடங்கும் நான்கு முனை கொண்ட சிறு கறுப்பு மாட்யூல். அது பிரிட்டிஷ் கார் ஒன்றின் கதையிலும் பிறகு நுழைகிறது.

அந்தக் கார் ஜாகுவார். கோவென்ட்ரி நகரில் வால்டர் ஹாசன், ஹாரி மண்டி முதலியோர் வடிவமைத்த 5,343 சிசி வி12 எஞ்சின் 1971-இல் இ-டைப் காரின் மூன்றாம் வரிசையிலும், 1972-இல் எக்ஸ்ஜே12 செடானிலும், 1975-இல் எக்ஸ்ஜே-எஸ் காரிலும் வந்தது. ஒரே டிஸ்ட்ரிப்யூட்டரைக் கொண்டு பன்னிரண்டு சிலிண்டருக்கும் பொறி தருவது என்று முடிவானதும், பாயின்ட் கணக்கிலிருந்தே விலகியது. லூகாஸ் தந்த தீர்வின் பெயர் ஓபஸ்.

ஓபஸ் இயங்கும் விதம் அழகானது. டிஸ்ட்ரிப்யூட்டரின் தண்டில் நைலான் உருளை ஒன்று சுழலும். அதன் விளிம்பில் சிலிண்டருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஃபெரைட் குச்சிகள் பதிந்திருக்கும். எதிரே அசையாமல் நிற்கும் பிக்-அப்பில் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும் அலையியற்றி அதற்கு உயர் அதிர்வெண் மின்னலைகளை ஓயாமல் ஊட்டும். குச்சி எதுவும் எதிரே இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கங்களும் சமநிலையில் இருப்பதால் வெளியீடு இராது. அப்போது காயிலின் வழியே மின்னோட்டம் ஓடும். ஃபெரைட் குச்சி கடந்து போகும் கணத்தில் சமநிலை குலையும், வெளியீட்டில் அலை எழும், பெட்டி அதை உணர்ந்து ஆற்றல் டிரான்சிஸ்டரை அணைக்கும். காயிலின் புலம் சரிந்து பொறி பாயும். உருளைக்கும் பிக்-அப்புக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவே இடைவெளி. எதுவும் எதிலும் உரசுவதில்லை, எனவே தேய்வதும் இல்லை. எஞ்சின் எவ்வளவு மெதுவாகச் சுழன்றாலும் குறி தெளிவாகவே கிடைக்கும்.

இத்தனை நேர்த்தியான கருவியைக் கெடுத்தது அதை வைத்த இடம். தொடக்க காலக் கார்களில் அந்த அலுமினியப் பெட்டி, எஞ்சினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையிலான பள்ளத்தில் அமர்ந்திருந்தது. எஞ்சின் அறையிலேயே வெப்பம் மிகுந்த இடங்களில் அது ஒன்று. ஓடும்போதாவது விசிறியும் காற்றும் சற்றே தணிக்கும். எஞ்சினை அணைத்ததும் குளிர்நீரின் ஓட்டம் நிற்க, இரு பக்க இரும்பும் அலுமினியமும் தேக்கிவைத்த சூடு அந்தப் பள்ளத்தில் வந்து குவியும். குறைக்கடத்தியின் கசிவு மின்னோட்டம் வெப்பத்தோடு வேகமாக ஏறுவது. சுமார் பத்து டிகிரிக்கு இரு மடங்கு என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் உலரும். சூடேறி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமாக ஆண்டுக்கணக்கில் இழுபட்ட ஈயப் பற்றுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். பிக்-அப் கம்பிகளின் மேலுறை இறுகி நொறுங்கும். பின்னர் ஜாகுவார் அந்தப் பெட்டியைப் பள்ளத்திலிருந்து எடுத்து, முன்னால் ரேடியேட்டரின் பக்கம் மாற்றி வைத்தது. தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய மாற்றம் அது.

ஓபஸின் துயரம் ஜாகுவாரோடு நிற்கவில்லை. அமெரிக்கச் சந்தைக்கான எம்ஜிபி கார்களில் 1975 முதல் பொருத்தப்பட்ட ஓபஸ் டிஸ்ட்ரிப்யூட்டரில் மின்னணுப் பகுதி டிஸ்ட்ரிப்யூட்டரோடே ஒட்டியிருந்தது. அங்கும் எஞ்சின் சூடு நேரே தாக்கியது. அவற்றில் ஏராளமானவை கழற்றி எறியப்பட்டன. இன்று எம்ஜிபி ஒன்று பழைய ஓபஸோடு ஓடுவது அரிய காட்சி.

இந்தப் பெட்டிகள் பழுதுபார்க்கும் தொழிலையே மாற்றின. பாயின்ட் தளரும், பெட்டி நின்றுவிடும். நேற்றுவரை குறையேதும் காட்டாத கார் இன்று நெடுஞ்சாலையில் ஓசையற்று ஒதுங்கும். திறந்து பார்க்கக்கூடிய அசையும் பாகமும் இல்லை, அரத்துக்கு வேலையும் இல்லை. முகவர் பணிமனைகளுக்குத் தரப்பட்ட நெறியும் எளியது: சோதித்துப் பார், கெட்டிருந்தால் முழுப் பெட்டியையும் மாற்று. புதுப் பெட்டிகள் கிடைத்தவரை யாரும் உள்ளே பார்க்க வேண்டியிருக்கவில்லை. உற்பத்தி நின்று கையிருப்பும் தீர்ந்த பிறகுதான், ரேடியோவும் தொலைக்காட்சியும் பழுதுபார்த்த கைகள் கார் பெட்டிகளின் பக்கம் திரும்பின.

அப்படி உருவான பழுதுபார்ப்பு முறையின் முதல் விதி, பெட்டியைக் கடைசியாகச் சந்தேகிப்பது. கெட்டதென்று அனுப்பப்படும் பெட்டிகளில் நல்லவையும் வருவதுண்டு. பெட்டியின் உடல்தான் மின்சுற்றின் எர்த். அதைப் பிடிக்கும் போல்டின் அடியில் துரு ஏறினாலே பொறி நின்றுவிடும். பிக்-அப் கம்பியின் இணைப்பான் பச்சை பூத்திருக்கலாம், சாவித் துளையின் தொடர்பு தேய்ந்து காயிலுக்குப் போகும் அழுத்தம் குறைந்திருக்கலாம். ஓபஸ் அமைப்பில் காயிலுக்கு முன் பாலஸ்ட் தடைகள் உண்டு. அவற்றில் ஒன்று அறுந்தாலும் அறிகுறி ஒன்றே. எனவே மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியில் தொடங்கி, சாவி, பாலஸ்ட், காயில் என்று ஒவ்வொரு நிலையிலும் அழுத்தத்தை அளப்பது முதல் வேலை. ஸ்டார்ட்டர் சுழலும்போது காயிலின் எதிர்முனையில் அழுத்தம் ஏறி இறங்கினால் பெட்டி உயிரோடு இருக்கிறது, குறை ரோட்டரிலோ மூடியிலோ கம்பியிலோ தேடப்பட வேண்டும். அசையாமல் நின்றால் பிக்-அப்பையும் பெட்டியையும் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

குளிர்ந்திருக்கையில் ஓடி, சூடானதும் நின்று, மணி நேரம் கழித்து மீண்டும் கிளம்பும் குறைதான் கண்டுபிடிக்கக் கடினமானது. பணிமனைக்கு வந்து சேரும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். இதற்குத் தலைமுடி உலர்த்தியும் குளிர்விக்கும் ஸ்பிரேயும் பழுதுபார்ப்போரின் கருவிகளாயின. மேசைமேல் பெட்டியை ஓடவிட்டு வெந்நிலைக்குக் கொண்டுவந்து, பொறி நிற்கும் கணத்தில் ஒவ்வொரு உறுப்பாகக் குளிர்வித்தால், எதைக் குளிர்வித்தபோது பொறி திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. பிசின் ஊற்றி அடைத்த பெட்டிகளில் இந்த வேலை இன்னும் பாடு. பிசினை இளக்கிச் சுரண்டும்போது சர்க்யூட் பலகையின் செப்புக் கோடுகள் கையோடு வந்துவிடும் ஆபத்து உண்டு. கிடைக்காத டிரான்சிஸ்டருக்கு ஈடாக வேறொன்றைத் தேர்கையில், காயில் சரியும்போது திரும்பி வரும் பல நூறு வோல்ட்டைத் தாங்குமா என்று பார்ப்பது முதல் கட்டாயம். வாட்டேஜ் பொருந்தியதென்று போட்ட டிரான்சிஸ்டர் முதல் பொறியிலேயே மடிந்துவிடும்.

டிஸ்ட்ரிப்யூட்டரையும் விட்டுவிட முடியாது. வி12-இல் அதுவும் அதே வெந்த பள்ளத்தில்தான் நிற்கிறது. வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னகர்த்தும் எடைகளின் எண்ணெய் உலர்ந்து அவை இறுகிப்போவது இந்த எஞ்சினின் பழகிய நோய். ரோட்டருக்கு அடியிலுள்ள ஃபெல்ட்டில் அவ்வப்போது சில சொட்டு எண்ணெய் விட்டாலே தவிர்க்கலாம். பெட்டியைப் புதுப்பித்தும் கார் வலுவின்றி ஓடினால் இதையே முதலில் பார்க்கிறார்கள்.

பழுதுபார்க்க மனமோ பொருளோ இல்லாதவர்களுக்கு மாற்று அமைப்புகள் வந்தன. பிரிட்டனின் லுமெனிஷன், அகச்சிவப்புக் கதிரைச் சுழலும் தகட்டால் மறைத்துக் குறி பெறுகிறது. அமெரிக்காவின் பெர்ட்ரானிக்ஸ், காந்த வளையத்தையும் அதை உணரும் சிற்றுறுப்பையும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. பொருத்துவது எளிதானாலும் கவனிக்க வேண்டியவை உண்டு. புதிய அமைப்புக்கு ஒவ்வாத தடையுள்ள காயிலை இணைத்தால் அதிக மின்னோட்டம் பாய்ந்து புதுப் பெட்டியும் கருகும். சில கார்களில் டாக்கோமீட்டர் நின்றுவிடும். 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனையே எர்த்தாக இருந்தது. அதைப் பாராமல் இணைத்தவர்கள் பலர் ஒரே திருப்பில் புதுப் பெட்டியை இழந்திருக்கிறார்கள்.

ஜாகுவார் தானே ஓபஸைக் கைவிட்டது 1980-களின் தொடக்கத்தில். மைக்கேல் மே வடிவமைத்த எரிப்பறையோடு 1981-இல் வந்த எச்இ எஞ்சின் மெலிந்த கலவையை உயர் அழுத்தத்தில் எரித்தது. மெலிந்த கலவை பற்ற வலுவான பொறி வேண்டும். லூகாஸ் அதற்கென்று தந்தது மாறா ஆற்றல் அமைப்பு. டிஸ்ட்ரிப்யூட்டரில் எளிய காந்தப் பிக்-அப், பாலஸ்ட் இல்லாத காயில், மின்னோட்டத்தை அளவிட்டுக் கட்டுப்படுத்தும் ஏபி14 என்ற பெட்டி. எஞ்சின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் காயிலில் ஒரே அளவு ஆற்றல் நிரம்பும்படி, மின்னோட்டம் ஓடும் நேரத்தை இப்பெட்டி தானே கூட்டிக் குறைத்தது.

ஏபி14 கெட்டபோது அதன் மூடியைத் திறந்தவர்கள், உள்ளே ஜெனரல் மோட்டார்ஸின் அந்த நான்கு முனை மாட்யூல் இருப்பதைக் கண்டார்கள். அமெரிக்கக் கார்களுக்கென்று பெருந்திரளாக உற்பத்தியான பொருள் அது. உதிரிபாகக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பது. அதன் பிறகு இந்தப் பெட்டியைப் பழுதுபார்ப்பது எளிய வேலையாயிற்று. பழைய மாட்யூலைக் கழற்றி, அலுமினியப் பரப்பில் உலர்ந்துபோன வெப்பக் களிம்பைச் சுத்தமாகத் துடைத்து, புதுக் களிம்பைப் பூசிப் புது மாட்யூலைப் பொருத்தினால் போதும். களிம்பைத் தவிர்த்தால் மாட்யூல் தன் வெப்பத்தைப் பெட்டிக்குக் கடத்த முடியாமல் விரைவில் இறக்கும். சிலர் ஒருபடி மேலே போய், பழைய ஓபஸ் கார்களிலேயே காந்தப் பிக்-அப்பையும் இந்த மாட்யூலையும் பொருத்தி, ஓபஸின் வெற்று உறையை அதன் இடத்திலேயே விட்டுவைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

இங்கே பழமை பேணுவோரிடையே கருத்து பிரிகிறது. ஓபஸ் ஒரு காலத்தின் சாட்சி, அதன் அலையியற்றியும் ஃபெரைட் உருளையும் 1971-இன் பொறியியல் சிந்தனையைத் தாங்கி நிற்கின்றன, அவற்றை உயிர்ப்பிப்பதே முறை என்பது ஒரு பக்கம். ஓடாத கார் காட்சிப்பொருள், பள்ளத்தில் வேகும் பெட்டியை நம்பி யாரும் நெடும்பயணம் போக முடியாது என்பது மறுபக்கம். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 1966-இல் நிறுவப்பட்டது. அதன் டுரின் சாசனம் இரண்டுக்கும் இடம் தருகிறது: மாற்றம் தேவையானால் மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய முக்கிய மூல உறுப்புகள் வண்டியோடேயே பாதுகாக்கப்படட்டும் என்கிறது. இதுவே நேர்மையான வழி. கெட்ட ஓபஸ் பெட்டியைக் குப்பையில் எறிந்த உரிமையாளர்களால், பின்னாளில் அதைப் புதுப்பிக்கும் திறன் பெருகியபோது, அதைத் திரும்பப் பெற இயலவில்லை.

எக்ஸ்ஜே-எஸ் காரில் 1989 முதல் மாக்னெட்டி மரெல்லியின் அமைப்பு இடம்பெற்றது. அதில் டைமிங்கைத் தீர்மானித்தது எடைகளும் வில்லும் அல்ல, கணினிக்குள் பதிந்த அட்டவணை. இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் தனித்தனிக் காயில்கள். ஒரு வரிசை பொறியிழந்தாலும் மறுவரிசை எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றிக்குள் சென்று அதைப் பழுக்கக் காய்ச்சும் ஆபத்து இருந்தது. அங்கே பழுதுபார்ப்பு, ஈயப் பற்றிலிருந்து நினைவகச் சில்லுக்கு நகர்ந்தது. வி12 எஞ்சினின் உற்பத்தி 1997-இல் முடிந்தது. கூர்ந்து பார்த்தால், முழுக்கக் கணினிவழிப்பட்ட அந்தக் கடைசித் தலைமுறைப் பெட்டிகளே இன்று மீட்கக் கடினமானவை. டிரான்சிஸ்டரும் கெப்பாசிட்டரும் மட்டுமே கொண்ட ஓபஸை மல்டிமீட்டரும் ஈயமும் கையிலுள்ள பொறுமையான ஒருவர் இன்றும் உயிர்ப்பித்துவிட முடியும்.